பல்லிக்கும் எரியும் விளக்கு: மைக்ரோவேவ் டாப்ளர் சென்சார் – ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் ஹார்ட்வேர் கடைக்குப் போய், "ஆள் வந்தால் எரியும் சென்சார் வேண்டும்" என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் இரண்டு வகையை எடுத்து வைப்பார். ஒன்றின் முகத்தில் பால்நிறத்தில், கட்டம் கட்டமாக வரியோடிய பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். அது பி.ஐ.ஆர். மற்றொன்று குமிழ் எதுவும் இல்லாத வெள்ளைப் பெட்டி. சில சமயம் அது எல்.இ.டி. பல்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதுதான் மைக்ரோவேவ் சென்சார். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். ஆனால் அவை கவனிக்கும் விஷயம் வேறு, ஏமாறும் விதமும் வேறு.

பி.ஐ.ஆர். எதையும் வெளியே அனுப்புவதில்லை. உடம்பிலிருந்து தானாக வரும் வெப்பக் கதிரை வாங்கி, அந்த வெப்பம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்கிறதா என்று பார்க்கும். உடம்புக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால்தான் அதற்குப் பிடிபடும். நம் தோலின் சூடு ஏறக்குறைய 33, 34 டிகிரி. பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் சுவரும் அதே அளவுக்குச் சூடேறிவிடும். அப்போது பி.ஐ.ஆருக்கு முன்னால் கையை ஆட்டினாலும் அது மந்தமாகத்தான் இருக்கும். மாலை மழை பெய்து சுவர் குளிர்ந்ததும் அதே சென்சார் தூரத்தில் வரும் ஆளையும் பிடித்துவிடும். "காலையில் நன்றாக இருந்தது, மத்தியானம் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுக்கப்படும் பி.ஐ.ஆர். சென்சார்களில் பலவற்றுக்கு வேறு கோளாறே இருக்காது.

மைக்ரோவேவ் சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. வெயிலும் இருட்டும் அதற்கு ஒன்றுதான். ஆனால் அது வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பவரையும் அது பார்க்கும். தன் மூடியின்மேல் ஊரும் பல்லியையும் பார்க்கும். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே மாட்டலாம், எங்கே மாட்டக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

அலை போகிறது, திரும்பி வருகிறது

பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறிய ரேடியோ டிரான்ஸ்மிட்டர். நம் கடைகளில் கிடைக்கும் 240 வோல்ட் சென்சார்களில் பெரும்பாலானவை 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகின்றன. அதாவது நொடிக்கு 580 கோடி அதிர்வு. அந்த அலையின் நீளம் சுமார் 5.2 சென்டிமீட்டர். அது சுவர், மேசை, மனிதர் என்று எதிர்ப்படும் எல்லாவற்றிலும் பட்டு, ஒரு பகுதி திரும்பி வரும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை அனுப்பிய அதிர்வெண்ணிலேயே வரும். நம்மை நோக்கி வருபவர்மேல் பட்டால் கொஞ்சம் கூடுதலான அதிர்வெண்ணில் திரும்பும். விலகிப் போகிறவர்மேல் பட்டால் கொஞ்சம் குறைந்துவிடும். ஆஸ்திரிய நாட்டு இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்னது இதுதான். 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர், எக்காளம் ஊதுபவர்களை ரயிலில் ஏற்றி ஓடவிட்டு, ஒலிக்கு இது பொருந்துகிறது என்று காட்டினார். ரேடியோ அலைக்கும் அதே கணக்குதான்.

எவ்வளவு மாறும்? ஒருவர் நொடிக்கு ஒரு மீட்டர் என்ற நிதானமான நடையில் நேராக வந்தால், 5.8 கிகாஹெர்ட்ஸில் மாற்றம் 38.7 ஹெர்ட்ஸ் மட்டும். 580 கோடியில் 39! எந்த மலிவான கருவியாலும் இதை நேரடியாக எண்ணிப் பார்க்க முடியாது. அதனால் சென்சார் எண்ணுவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்கிறது.

கோயிலில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி நூலிழை பிசகினால் ஒலி ஏறி ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஒன்று நொடிக்கு 440 அதிர்வும் மற்றொன்று 443 அதிர்வும் தந்தால், அந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு மூன்று முறை வரும். எது எத்தனை அதிர்வு என்று தெரியாமலே வித்தியாசம் மூன்று என்று காது சொல்லிவிடும். சென்சார் செய்வதும் இதுவே. அனுப்பும் அலையில் கொஞ்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திரும்பி வந்த அலையோடு ஒரு டையோடில் அல்லது டிரான்ஸிஸ்டரில் கலக்கிறது. கலந்ததும் கோடிக் கணக்கெல்லாம் கழிந்துபோய், 38.7 ஹெர்ட்ஸ் என்ற வித்தியாசம் மட்டும் வெளியே வரும். இந்தக் கலக்கும் பகுதிக்கு மிக்ஸர் என்று பெயர்.

இதையே இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். வேலைக்கு உதவுவது இந்தப் பார்வைதான். ஆள் 2.6 சென்டிமீட்டர் கிட்டே வந்தால், அலை போகும் வழியில் 2.6, திரும்பும் வழியில் 2.6 என்று மொத்தம் 5.2 சென்டிமீட்டர் குறைகிறது. அது சரியாக ஓர் அலைநீளம். ஆகவே ஒவ்வொரு 2.6 சென்டிமீட்டருக்கும் மிக்ஸரின் வோல்ட் ஒருமுறை ஏறி இறங்கும். ஒரு மீட்டர் நடந்தால் ஏறக்குறைய 39 முறை. சென்சாரைப் பொறுத்தவரை உலகம் என்பது இந்த ஏற்ற இறக்கம் மட்டுமே. அங்கே நிற்பது மனிதரா, ஆடா, காற்றில் ஆடும் துணியா என்பது அதற்குத் தெரியாது. அசையாமல் நிற்பவர் அதற்குச் சுவர் மாதிரிதான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு வருகிறது. தூரம் மாறினால்தான் சமிக்ஞை. சென்சாரை நோக்கி நடந்தால் நன்றாகப் பிடிக்கும். அதன் முன்னால் குறுக்கே கடந்தால், தூரம் அதிகம் மாறாத அந்தச் சில கணங்களில் மந்தமாக இருக்கும். பி.ஐ.ஆருக்கு இது நேர்த் தலைகீழ். அது குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராக வருபவரைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும். நீளமான நடைபாதையின் கோடியில் வைக்க மைக்ரோவேவும், வாசலைக் குறுக்காகக் கடப்பவரைப் பிடிக்க பி.ஐ.ஆரும் ஏற்றவை. இதை மாற்றிப் போட்டுவிட்டு விலையைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

பெட்டிக்குள் என்னென்ன

மிக்ஸரிலிருந்து வரும் சமிக்ஞை மிகச் சிறியது. தூரத்தில் இருக்கும் ஆளுக்கு அது மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். அதை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு இரண்டு கட்டமாக ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கும். கூடவே ஒரு வடிகட்டி, மனித நடைக்குப் பொருந்தும் சில ஹெர்ட்ஸ் முதல் நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் வரையில் உள்ளதை மட்டும் கடந்துபோக விட்டு, மற்றதைத் தடுக்கும். பிறகு ஒரு கம்பாரேட்டர், "இந்த அளவைத் தாண்டியதா?" என்று பார்த்து, தாண்டினால் டைமரை ஓடவிடும்; டைமர், ரிலே என்ற மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை இழுக்கும். பெட்டியின் வெளியே இருக்கும் சென்ஸ் என்ற திருகு மாற்றுவது பெரும்பாலும் இந்த அளவைத்தான். அனுப்பும் அலையின் வலிமை மாறுவதில்லை.

பழகிப் பார்க்க விரும்புபவர்களுக்கு மூன்று மாட்யூல்கள் (தயாராகக் கட்டிய சிறு சர்க்யூட் பலகைகள்) எளிதாகக் கிடைக்கின்றன. ஆர்.சி.டபிள்யூ.எல்-0516 சில ரிங்கிட்தான், சுமார் 3.2 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். ஒரே டிரான்ஸிஸ்டர் அலையை உண்டாக்கி, அதே டிரான்ஸிஸ்டர் கலக்கவும் செய்யும். எச்.பி.100 என்பது 10.525 கிகாஹெர்ட்ஸ், இதில் பெருக்கியோ டைமரோ கிடையாது, மிக்ஸரிலிருந்து வரும் பெருக்கப்படாத சமிக்ஞை மட்டும் கிடைக்கும், மீதியை நாம்தான் கட்ட வேண்டும். சி.டி.எம்.324 என்பது 24.125 கிகாஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடக்கூட அதே நடைக்குக் கிடைக்கும் மாற்றமும் கூடும். நொடிக்கு ஒரு மீட்டருக்கு முதலாவது 21 ஹெர்ட்ஸ், இரண்டாவது 70, மூன்றாவது 161 ஹெர்ட்ஸ் தரும். வேகம் அளக்க வேண்டுமானால் பின்னிரண்டும்; விளக்கு எரிந்தால் போதும் என்றால் முதலாவதே போதும்.

240 வோல்ட் சென்சாரை மாட்டுவது

கம்பி வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுவதுதான் முறை. ஆனால் எங்கே மாட்டுவது, எப்படித் திருகுவது என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். வயர்மேன் பகலில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்; இரவில் அதோடு குடியிருப்பது நீங்கள்.

சென்சாரில் மூன்று முனைகள் இருக்கும். லைவ், நியூட்ரல், விளக்குக்குப் போகும் லைவ். நியூட்ரல் கண்டிப்பாக வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு லைவ் கம்பி மட்டுமே வந்திருக்கும். அங்கே சென்சாரைச் சுவிட்ச் இருந்த இடத்தில் மாட்ட நினைத்து மாட்டிக்கொள்வார்கள். விளக்கு இருக்கும் இடத்தில் நியூட்ரல் இருக்கும் என்பதால் சிலிங்கில் வைப்பதே சுலபம்.

பெட்டியில் 1200 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பழைய குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி. விளக்கின் டிரைவர் (அதற்கு வேண்டிய மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்), சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் தன் கெப்பாசிட்டரை நிரப்பப் பல மடங்கு கரண்டை இழுக்கும். பத்து, பன்னிரண்டு விளக்கை ஒரே சென்சாரில் கோத்தால் சில மாதங்களில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, விளக்கு அணையவே அணையாது. எல்.இ.டி.க்கு என்று தனியாக 300 வாட் போலக் குறைந்த எண் அச்சிட்டிருந்தால் அதையே நம்புங்கள். அச்சிடவில்லை என்றால் கால் பங்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. விளக்கு அதிகமானால் சென்சாரை ஒரு கான்டாக்டருக்கு (contactor, அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) மட்டும் கொடுத்து, விளக்குகளைக் கான்டாக்டர் வழியாக எரிய விடலாம். தமிழ்ப்பள்ளியின் நீண்ட நடைபாதைக்கோ கோயில் மண்டபத்துக்கோ இதுதான் சரியான வழி.

இனி திருகுகள். சென்ஸ், டைம், லக்ஸ் என்று மூன்று இருக்கும். டைம் என்பது விளக்கு எரியும் நேரம்; லக்ஸ் என்பது எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பது. முதல் நாள் டைமைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவாருங்கள்; பெரும்பாலும் பத்து விநாடி அளவில் இருக்கும். லக்ஸைச் சூரியன் படம் இருக்கும் பக்கம் முழுதும் திருப்புங்கள். அப்போதுதான் பகலிலும் வேலை செய்து, சோதித்துப் பார்க்க முடியும். சென்ஸையும் குறைந்தபட்சத்தில் வையுங்கள். மின்சாரம் கொடுத்ததும் விளக்கு ஒருமுறை தானாக எரிந்து அணையும்; அது இயல்பு. அணைந்த பிறகு எல்லாரும் அந்த இடத்தை விட்டு விலகி, ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து நடந்து வர வேண்டும். எந்த இடத்தில் எரிகிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, சென்ஸைக் கொஞ்சம் கூட்டி, மீண்டும் நடக்க வேண்டும். வேண்டிய தூரம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கடையிலிருந்து வரும்போது சென்ஸ் உச்சத்திலேயே இருப்பதும், அதை யாரும் தொடாமல் விடுவதும்தான் பாதிப் புகார்களுக்குக் காரணம்.

கடைசியாகச் செய்ய வேண்டிய சோதனையை யாரும் செய்வதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போய் நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டிலும், பின்பக்கச் சந்திலும், மேல்மாடியிலும் நடந்து பாருங்கள். எந்தச் சுவர் அலையை நிறுத்துகிறது என்பது உங்கள் வீட்டில் சோதித்தால்தான் தெரியும். பலகை, பிளைவுட், பிளாஸ்டர் சிலிங், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய திறந்த வாசல்தான். செங்கல் சுவர் ஓரளவு தடுக்கும். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் நன்றாகத் தடுக்கும். தகரம் முழுதாகத் திருப்பிவிடும். லயத்து வீடுகளில் அடுத்தடுத்த குடும்பங்களுக்கு நடுவே இருப்பது பலகைத் தடுப்பு மட்டும் என்றால், மைக்ரோவேவ் சென்சாரை வாங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் உங்கள் வீட்டில் விளக்கு எரியும். அதைச் சொல்லி ஒரு நாள் சண்டையும் வரும்.

பிறகு லக்ஸைச் சரிசெய்யலாம். மாலை ஏழரை மணிக்கு, விளக்கு தேவை என்று உங்களுக்குத் தோன்றும் இருட்டில், திருகை நிலா படத்தின் பக்கம் முழுதும் திருப்பி, அங்கிருந்து மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவாருங்கள். நடக்கும்போது எந்த இடத்தில் எரிய ஆரம்பிக்கிறதோ அங்கே விடுங்கள். டைமுக்கு மாடிப்படியில் ஒரு நிமிடம் போதும். ஒவ்வோர் அசைவுக்கும் டைமர் மறுபடி முதலிலிருந்து எண்ணும் என்பதால், ஆள் இருக்கும்வரை அணையாது.

ஏன் தானாக எரிகிறது

மைக்ரோவேவ் சென்சாரைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்விதான். பதில்கள் பல.

பல்லியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரேடார் கணக்கில் திரும்பி வரும் ஆற்றல், தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். தூரம் இரட்டிப்பானால் ஆற்றல் பதினாறில் ஒரு பங்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். ஆறு மீட்டரில் ஒரு மனிதர். முப்பது சென்டிமீட்டரில் ஒரு பல்லி. தூரம் இருபதில் ஒரு பங்கு என்பதால் பல்லிக்குக் கிடைக்கும் சலுகை 20 × 20 × 20 × 20, அதாவது 1,60,000 மடங்கு. பல்லி மனிதரைப்போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அலையைத்தான் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதன் சமிக்ஞை மனிதரைவிடப் பதினாறு மடங்கு பலமாக இருக்கும். விளக்கு எரிந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பல்லி வரும், பல்லி நகர்ந்தால் விளக்கு எரியும். இரவெல்லாம் இப்படியே போகும். சென்சாரை விளக்கிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுவதும், சென்ஸைக் குறைப்பதும், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியைச் சிலிக்கான் பூசி அடைப்பதும் இதற்குத் தீர்வு. விட்டில் பூச்சிக்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் அதே மருந்துதான்.

சீலிங் ஃபேன் அடுத்தது. ஃபேனின் இறக்கை நடுவில் மெதுவாகவும் நுனியில் வேகமாகவும் சுழலும். அதனால் சில ஹெர்ட்ஸிலிருந்து பல நூறு ஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணிலும் அது சமிக்ஞை தரும். மனித நடைக்கான வடிகட்டியால் அதைத் தனியாகப் பிரிக்க முடியாது. ஃபேன் ஓடும் அறையில் மைக்ரோவேவ் சென்சார் வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். வேறு வழியில்லை என்றால் சென்சாரை வாசல் பக்கம் திருப்பி, ஃபேன் அதன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். அதுவும் பாதிதான் உதவும்.

பழைய குழல் விளக்குகளும் ஒரு காரணம்; இது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். குழலுக்குள் மின்னும் வாயு மைக்ரோவேவைத் திருப்பி அனுப்பும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண சோக் போட்ட குழலில் அந்த வாயு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஆகவே நகராமல் தொங்கும் குழல், சென்சாருக்கு 100 ஹெர்ட்ஸில் அசையும் பொருளாகத் தெரியும். 10.525 கிகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் என்பது மணிக்கு 5.1 கிலோமீட்டர்: அச்சு அசலாக மனித நடை. எச்.பி.100 வைத்துக் கட்டுபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். குழலை எல்.இ.டி.க்கு மாற்றலாம், அல்லது பெருக்கியில் 100 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் வடிகட்டியைச் சேர்க்கலாம்.

மழையும் உண்டு. தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது தகடு அதிரும். அந்த அதிர்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்றாலும், தகடு பெரியது, உலோகம் வேறு. சென்சாரின் முகம் தகரத்தைப் பார்த்தபடி இருந்தால் மழை ஓயும்வரை விளக்கு அணையாது. கூரையிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாயில் ஓடும் தண்ணீரும் அப்படியே. குழாய் சுவருக்குள் மறைந்திருக்கிறது என்பதால் சென்சாருக்கு அது மறைந்துவிடாது. மாடியில் கழிவறைத் தண்ணீரை இழுத்துவிட்டால் கீழ்ப்படியில் விளக்கு எரியும் கடைவீடுகளின் மர்மம் இதனோடு முடிந்தது.

இன்னும் சில சுருக்கமாக. சாலையைப் பார்த்து மாட்டிய சென்சார், செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி ஒவ்வொன்றுக்கும் எரியும். லோரி பெரிய உலோகம் என்பதால் அது சென்சாரின் அறிவித்த எல்லையைத் தாண்டி இருந்தாலும் பிடிபடும். இரண்டு சென்சார்களை நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் அலை மற்றதைக் குழப்பும். மூன்று மீட்டராவது விட்டு வேறு திசை பார்க்க வையுங்கள். விளக்கு அணைந்த மறு நொடியே மறுபடி எரிகிறது என்றால், ரிலே விடும்போது வரும் மின் துடிப்பு சென்சாரையே தூண்டுகிறது என்று பொருள். விளக்கின் டிரைவரைச் சென்சாரிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடினால், சொல்லவே வேண்டாம், ஒன்றுமே நடக்காது.

சொந்தமாகக் கட்டிப் பார்க்க

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டுக் கொட்டகை மாதிரி, 240 வோல்ட் இழுக்க முடியாத இடத்துக்கு ஆர்.சி.டபிள்யூ.எல்-0516 பொருத்தமானது. 4 முதல் 28 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும். சுமார் 3 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு 72 மில்லி ஆம்பியர்-மணி. 7 ஆம்பியர்-மணி பேட்டரி சென்சாரை மட்டும் என்றால் கணக்குப்படி மூன்று மாதம் தாங்கும். எச்.பி.100 சுமார் 30 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதே பேட்டரி பத்து நாளைக்குக்கூடச் சந்தேகம்.

அசைவு தெரிந்தால் அவுட் முனையில் 3.3 வோல்ட் இரண்டு மூன்று விநாடிக்கு வரும். இதை நேராக ரிலேக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சிறு சமிக்ஞையால் ரிலேயை இழுக்க முடியாது. 1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓர் என்.பி.என். டிரான்ஸிஸ்டரின் பேஸுக்குக் கொடுத்து, கலெக்டரில் 12 வோல்ட் ரிலேயை மாட்டி, ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடை எதிர்த்திசையில் போடுங்கள். மாட்யூலின் மின்சாரம் நுழையும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று அவசியம். சப்ளையில் வரும் சிறு குலுக்கலையும் இந்த மாட்யூல் அசைவு என்று எடுத்துக்கொள்ளும். வைஃபை மாட்யூலை ஒட்டி வைத்தால் ஓயாமல் தூண்டப்படுவது இதனாலும்தான்.

பாகங்கள் பதித்த பக்கமே முகம். அந்தப் பக்கம் ஒரு சென்டிமீட்டருக்குள் உலோகமோ கம்பியோ வரக் கூடாது. பின்புறம் மூன்று காலி இடங்கள் இருக்கும். ஒன்றில் 1 மெகா-ஓம் ரெசிஸ்டர் பற்றவைத்தால் ஏழு மீட்டர் எல்லை ஐந்து மீட்டராகக் குறையும். இன்னொன்றில் கெப்பாசிட்டர் சேர்த்தால் அவுட் நீடிக்கும் நேரம் கூடும். மூன்றாவதில் ஒளி உணரும் எல்.டி.ஆர். சேர்த்தால் பகலில் தூங்கும். ஆட்டுக் கொட்டகை என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள்: ஆடு அசைபோடுவதும் அசைவுதான். சென்சாரை ஆடுகளைப் பார்க்காமல் வாசலுக்கு வெளிப்புறம் பார்க்கும்படி வைத்து, பின்பக்கம் ஒரு தகரத் துண்டைச் சில சென்டிமீட்டர் விட்டு நிறுத்துங்கள். இந்த மாட்யூல் முன்னும் பின்னும் பார்க்கும். தகரம்தான் அதன் முதுகைக் கட்டும்.

வேகம், திருடன், கழிவறை

எச்.பி.100இல் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 19.5 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 40 கிலோமீட்டரில் வரும் மோட்டார் சைக்கிள் 780 ஹெர்ட்ஸ் தரும். பெருக்கி ஸ்பீக்கரில் விட்டால் காதாலேயே கேட்கலாம். ஆனால் கருவி சாலையோரம் கோணத்தில் நின்றால் எண் குறைவாகவே வரும். முப்பது டிகிரி கோணத்தில் 13 சதவீதம் குறையும். 40 என்பது 35 ஆகத் தெரியும். வருகிறதா போகிறதா என்பதையும் ஒற்றை மிக்ஸரால் சொல்ல முடியாது. அதற்குக் கால் அலை தள்ளிவைத்த இரண்டாவது மிக்ஸர் வேண்டும். பேரங்காடிகளின் தானியங்கிக் கதவு, கதவை விட்டு விலகிப் போகிறவருக்காகத் தேவையில்லாமல் திறந்து நிற்காமல் இருப்பது இப்படித்தான்.

திருட்டு அலாரத்துக்கு மைக்ரோவேவை மட்டும் நம்ப வேண்டாம். கடைக்கு வேண்டியது பி.ஐ.ஆரும் மைக்ரோவேவும் ஒரே பெட்டியில் இருக்கும் இரட்டை வகை. இரண்டும் சேர்ந்து "ஆள்" என்றால்தான் மணி அடிக்கும். ஃபேனுக்கு வெப்ப உடம்பு இல்லை; தெருவில் போகிறவரை பி.ஐ.ஆரால் சுவர் வழியாகப் பார்க்க முடியாது. நம் வெயிலில் பி.ஐ.ஆர். மந்தமாகும் என்ற குறை இதில் இருக்கும், ஆனால் கடை பூட்டியிருப்பது பெரும்பாலும் இரவில்தானே.

அலையைப் பற்றிப் பயப்படுபவர்களும் உண்டு. இவை அனுப்புவது சில மில்லிவாட் அளவில்தான். காதில் வைத்துப் பேசும் கைப்பேசி அதைவிடப் பல மடங்கு அதிகம் அனுப்பக்கூடியது. கடையில் வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது அலைக்காக மட்டுமில்லை. 240 வோல்ட் பெட்டிக்குள் இருக்கும் மலிவான பாகங்களுக்காகவும்தான்.

கழிவறைக்கு மட்டும் சாதாரண டாப்ளர் சென்சார் ஒத்துவராது. உள்ளே போனவர் உட்கார்ந்துவிட்டால் அசைவு நின்றுவிடும். டைமர் முடிந்ததும் இருட்டு. கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதற்கென்று எல்.டி.2410 மாதிரியான 24 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல்கள் வந்துள்ளன. இவை ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் ஏற்றி ஏற்றி அனுப்புவதால் தூரத்தையும் அளக்கும். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்கும் சில மில்லிமீட்டரையும் பிடிக்கும். ஐந்து வோல்ட் சப்ளையும் கொஞ்சம் அமைப்பு வேலையும் தேவை. எந்தத் தூரத்துக்கு அப்பால் கவனிக்க வேண்டாம் என்று அதில் கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டர் என்று சொல்லிவைக்க முடியும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவை விட்டுவிடச் சொல்வதற்கும் அதே அமைப்புதான்.